சோம்பலா, சுரப்பியா?

குடும்பங்களில் எளிதாக வழங்கும் பெயர்கள் சில உண்டு. வேலையில் தளர்ந்த மருமகளுக்குச் 'சோம்பேறி', பாடத்தில் பின்தங்கிய பிள்ளைக்கு 'மந்தம்', எதற்கெடுத்தாலும் எரிந்து விழும் தந்தைக்குச் 'சிடுமூஞ்சி'. இப்பெயர்கள் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் எளிதில் உரிவதில்லை. உறவினர் வீட்டுத் திருமணத்திலும், பள்ளி ஆசிரியரின் வாயிலும், பெண் பார்க்க வந்தவர் காதிலும் அவை தொடர்ந்து வருகின்றன. ஆயின் இவற்றுள் ஒரு பங்கு குணத்தின் கணக்கில் எழுதப்பட வேண்டியதன்று. அது கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒட்டியிருக்கும், ஏறத்தாழ இருபது கிராம் எடையே உள்ள தைராய்டு சுரப்பியின் கணக்கில் சேர வேண்டியது. அச்சுரப்பியின் நிலையைக் குருதியில் அளந்து அறியும் வழி இன்று நம் ஊர்த் தெருமுனை வரை வந்துவிட்டது. அதனை எப்போது நாடுவது, எந்த அளவுக்கு நம்புவது என்பதைப் பற்றி இத்திங்கள் நம் குடும்பங்களோடு சில சொல்ல விழைகிறோம்.

சிறு சுரப்பி, பெரும் பணி

உடலின் ஒவ்வோர் அணுவும் எவ்வளவு விரைவாக உழைக்க வேண்டும் என்பதைத் தைராய்டின் ஹார்மோன்களே வகுக்கின்றன. இதயத் துடிப்பு, உடற்சூடு, குடலின் அசைவு, தோலின் ஈரம், நினைவின் கூர்மை, மாதவிலக்கின் ஒழுங்கு, குழந்தையின் மூளை வளர்ச்சி ஆகிய யாவும் அவற்றின் ஆளுகைக்கு உட்பட்டவை. முதன்மையான ஹார்மோன்கள் இரண்டு. நான்கு அயோடின் அணுக்களைத் தாங்கிய தைராக்சினை 'டி.4' என்றும், மூன்றைத் தாங்கியதை 'டி.3' என்றும் ஆய்வகச் சீட்டுகள் குறிக்கின்றன. சுரப்பி பெரும்பாலும் டி.4-ஐயே வெளியிடுகிறது. உடலின் உறுப்புகள் அதிலிருந்து ஓர் அயோடினைக் கழற்றி, வீரியம் மிக்க டி.3-ஆக மாற்றிக்கொள்கின்றன.

இவ்வளவு பணிக்கும் வேண்டிய மூலப்பொருள் அயோடின். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டுவது 150 மைக்ரோகிராம் மட்டுமே. எழுபது ஆண்டு வாழ்வுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் அது நான்கு கிராமைத் தொடாது. ஒரு தேக்கரண்டியை நிரப்பாத இப்பொருள் நாள்தோறும் சிறிது சிறிதாகக் கிடைக்காவிடின், சுரப்பி முன்கழுத்துக் கழலையாக வீங்குகிறது. பிறக்கும் குழந்தையின் அறிவும் குன்றுகிறது.

எம் தெருவில் ஒரு வீடு

நாம் குடியிருக்கும் அம்மாபேட்டை நெசவாளர் மிகுந்த பகுதி. விடியுமுன்னே தறியின் ஓசை கேட்கத் தொடங்கும். எம் தெருவில் ஒரு வீட்டு மருமகள், இரு பிள்ளைகளின் தாய், தார் சுற்றுவதில் பேர் பெற்றவர். அவர் கை ஓடும் வேகத்துக்குக் கணவரின் தறி ஈடுகொடுக்க முடியாது என்று அண்டை வீட்டார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவர் கை, இரண்டு ஆண்டுகளில், சிறிது சிறிதாகத் தளர்ந்தது. உட்கார்ந்த இடத்திலேயே கண் அயர்ந்தார். குரல் தடித்தது, முகம் ஊதியது, சீப்பில் முடி கற்றையாக வந்தது. தார் இல்லாமல் தறி நின்றது. தறி நின்றதால் வாரக் கூலி குறைந்தது. கூலி குறைந்ததால் வீட்டில் பேச்சு மிகுந்தது. “தின்பதும் தூங்குவதுமாக ஒரு பெண்ணை எத்தனை நாள் வைத்துக் காப்பது?” என்று மாமியார் தெருவறியக் கேட்டார். பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்ற அளவுக்குப் பேச்சு வளர்ந்திருந்தது.

அந்நாளில் ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் வேறு எதற்காகவோ அவ்வீட்டுக்கு வந்தார். சித்திரை வெயிலில் போர்வை போர்த்தியிருந்த பெண்ணைப் பார்த்து, “ஏன் கண்ணு, இந்த வெயில்ல குளிருதா?” என்று கேட்டு, அவர் கையைப் பற்றினார். கை சில்லிட்டுச் சொரசொரப்பாக இருந்தது. நாடி நிமிடத்துக்கு அறுபதுக்கும் கீழே. மலச்சிக்கல் உண்டா, மாதவிலக்கு மிகுதியா என்று இரண்டொரு கேள்விகள் கேட்டார். பிறகு மாமியாரை நோக்கி, “உங்க மருமக சோம்பேறி இல்லீங்கம்மா. தைராய்டா இருக்கும்னு தோணுது. ஒரு தரம் ரத்தம் பார்த்துருங்க” என்றார்.

ஆய்வகச் சீட்டு மறுநாள் வந்தது. டி.எஸ்.எச். என்பதற்கு நேரே 68 என்று அச்சிட்டிருந்தது. இருக்க வேண்டிய அளவு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை. டி.4 மிகத் தாழ்ந்திருந்தது. மருத்துவர் தைராக்சின் மாத்திரை எழுதித் தந்து, ஆறு வாரம் கழித்து மீண்டும் குருதி பார்க்கச் சொன்னார். நான்கு மாதங்களுக்குள் அவ்வீட்டுத் தார்க்கூடை முன்போல் நிறையத் தொடங்கிவிட்டது. காப்பி அடுப்பேறுமுன், “மாத்திரை போட்டாயா?” என்று நாள்தோறும் கேட்பவர் இப்போது அந்த மாமியாரே. அக்கேள்வியில் மருத்துவமும் உண்டு. தைராக்சினை வெறும் வயிற்றில் நீரோடு விழுங்கி, காப்பிக்கும் உணவுக்கும் அரைமணி முதல் ஒருமணி நேரம் இடைவெளி விட வேண்டும். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கோ நான்கு மணி நேரம் வேண்டும். இன்றேல் மருந்து குடலிலேயே தங்கி வீணாகும்.

இது அரிதான நிகழ்ச்சி அன்று. சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் 5,376 பேரைச் சோதித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேருக்குத் தைராய்டு குறைவு இருப்பதைக் கண்டது. அவர்களுள் ஆண்களைவிடப் பெண்களே மிகுதி. அயோடின் போதிய அளவு கிடைக்கும் இடங்களில் இக்குறைவுக்குப் பெருங்காரணம், உடலின் காப்புப்படையே தன் சுரப்பியைப் பகையென்று எண்ணித் தாக்குவதாகும். 1912-இல் இதனை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோவின் பெயராலேயே அந்நோய் வழங்குகிறது.

சுரப்பு மிகினும் துன்பமே. நன்றாக உண்டும் எடை குறையும். நெஞ்சு படபடக்கும், விரல் நடுங்கும், வியர்வை பெருகும், உறக்கம் கெடும். 'சிடுமூஞ்சி' என்று ஒதுக்கப்பட்டவருள் சிலர் இத்தகையோர்.

மேஸ்திரியின் குரல்

சீட்டில் உள்ள டி.எஸ்.எச். தைராய்டின் சுரப்பன்று. மூளையின் அடியில் பட்டாணி அளவில் அமைந்த பிட்யூட்டரி, தைராய்டுக்கு அனுப்பும் ஏவல் அது. தறிக்கூடத்து மேஸ்திரியை எண்ணிக்கொள்ளலாம். ஆள் ஒழுங்காக நெய்தால் அவர் குரல் தணிந்திருக்கும். ஆள் தளர்ந்தால் குரல் உயரும். அளவுக்கு மீறி நெய்தால் வாயே திறக்கமாட்டார். அதனால்தான் சுரப்பு குறைந்தவருக்கு டி.எஸ்.எச். ஏறியும், மிகுந்தவருக்கு ஏறக்குறைய இல்லாமலும் போகிறது. டி.4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். நூறு மடங்கு வரை ஏறக்கூடும். சுரப்பியின் சிறு தளர்ச்சியைக்கூட மேஸ்திரியின் குரல் காட்டிக்கொடுப்பதால், முதற் சோதனையாக அதனையே மருத்துவர் கேட்கின்றனர். பிட்யூட்டரியே நோயுற்றிருந்தால் இக்குரலை நம்ப இயலாது. அப்போது டி.4 கொண்டே முடிவு செய்வர்.

டி.4-ஐ அளப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. குருதியில் உள்ள தைராக்சின் ஏறக்குறைய முழுவதும் புரதங்களின்மேல் ஏறிப் பயணம் செய்கிறது. பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பங்கே கட்டற்றுத் திரிகிறது. அணுக்களுக்குள் புகுந்து வேலை செய்வது அக்கட்டற்ற பங்குதான். 'ஃப்ரீ டி.4' என்று சீட்டில் காண்பது அதுவே. பத்தில் ஒரு லிட்டர் குருதியில் அது ஒன்று, ஒன்றரை நானோகிராம் அளவில் இருக்கும். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே ஒரு நானோகிராம்! இத்தகைய நுண்ணளவை மனிதர் எவ்வாறு எட்டினர்?

அளக்கக் கற்ற வரலாறு

அளக்கும் கலைக்கு முன்பே மருந்து வந்துவிட்டது. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து மருத்துவர் ஜார்ஜ் மர்ரே, ஆட்டுத் தைராய்டின் சாற்றை நோயுற்ற பெண் ஒருவருக்குச் செலுத்தினார். அப்பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா அன்று, அமெரிக்காவில் எட்வர்டு கெண்டால், டன் கணக்கான பன்றித் தைராய்டுகளைக் காய்ச்சி வடித்த உழைப்பின் பயனாகத் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1920-களில் லண்டனில் ஹாரிங்டன் அதன் அமைப்பை அறிந்து, ஆய்வகத்திலேயே ஆக்கிக் காட்டினார். டி.3 கண்டறியப்பட்டதோ 1952-இல்தான்.

ஆயினும் நோயாளியின் குருதியில் அதனை நேராக அளக்க வழி இருக்கவில்லை. பட்டினியோடு படுக்க வைத்து, மூச்சில் எவ்வளவு பிராணவாயு செலவாகிறது என்று பார்த்து ஊகித்தனர். பின்னர்க் குருதிப் புரதத்தோடு ஒட்டிய அயோடினை அளந்தனர். நோயாளி இருமல் மருந்தில் அயோடின் உட்கொண்டிருந்தாலே அக்கணக்குத் தவறிவிடும்.

திருப்பம் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், படைவீரர் மருத்துவமனை ஒன்றில் நேர்ந்தது. மருத்துவப் பட்டம் இல்லாத இயற்பியலாளர் ரோசலின் யாலோ அம்மையாரும், மருத்துவர் சாலமன் பெர்சனும் 1950-களில் ஓர் அளவைமுறையைக் கண்டனர். நம்மூர் நகரப் பேருந்தைக் கொண்டு அதனை விளக்கலாம். பேருந்தில் நாற்பது இருக்கைகள். சிவப்புச் சட்டை அணிந்த நாற்பது பேரை நாமே அனுப்புகிறோம். அதே நேரத்தில் தெருவிலிருந்து எத்தனையோ பேர் முண்டியடித்து ஏறுகின்றனர். பேருந்து புறப்பட்டபின் உள்ளே எத்தனை சிவப்புச் சட்டை என்று எண்ணினால், தெருவிலிருந்து வந்தவர் எத்தனை பேர் என்று கணக்கிட்டுவிடலாம். இருக்கை என்பது ஹார்மோனைப் பற்றும் எதிர்ப்பொருள். சிவப்புச் சட்டை என்பது கதிரியக்க அடையாளம் இட்ட ஹார்மோன். தெருவிலிருந்து வந்தவர் நோயாளியின் குருதியில் உள்ள ஹார்மோன். முதலில் இன்சுலினுக்கும், பின்னர்த் தைராய்டு ஹார்மோன்கள் உள்ளிட்ட பலவற்றுக்கும் இம்முறை பயன்பட்டது. இவர்களின் அடிப்படைக் கட்டுரையை 1955-இல் புகழ்பெற்ற ஆய்விதழ்கள் முதலில் ஏற்க மறுத்தன. அவர்களோ தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறாமல் உலகுக்கு விட்டுவிட்டனர். 1977-இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது பெர்சன் இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. நம் நாட்டிலும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் முயற்சியால் இச்சோதனைக்கான பொருள்கள் தயாராயின. இன்று பெரும்பாலான ஆய்வகங்களில் கதிரியக்கத்துக்குப் பதிலாக ஒளிரும் வேதிப்பொருளை அடையாளமாகப் பயன்படுத்துகின்றனர்.

எண்ணும் ஏமாற்றலாம்

எண்ணை மதிக்க வேண்டும், அதற்கு அடிமையாகலாகாது. டி.எஸ்.எச். இரவில் உயர்ந்து பிற்பகலில் தாழும் இயல்புடையது. ஆகவே மறு சோதனையை ஏறத்தாழ அதே நேரத்தில், கூடுமானால் அதே ஆய்வகத்தில் செய்வது நன்று. வேறு கடும் நோயால் மருத்துவமனையில் படுத்திருப்பவருக்குச் சுரப்பி நலமாக இருந்தும் டி.3 தாழ்ந்து காணும். முதுமையில் டி.எஸ்.எச். சிறிது உயர்ந்திருத்தல் இயல்பே. டி.4 ஒழுங்காக இருந்து டி.எஸ்.எச். மட்டும் சற்றே ஏறியிருந்தால், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்த்த பிறகே மருத்துவர் முடிவெடுப்பர். பலருக்கு அது தானே இறங்கிவிடுகிறது. மாத்திரையின் அளவை மாற்றினாலும் ஆறு வாரம் பொறுத்தல் வேண்டும். தைராக்சின் குருதியில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். புதிய அளவு நிலைபெற அவ்வளவு காலம் தேவை.

முடி வளர்ச்சிக்கென்று கடைகளில் விற்கும் பயோட்டின் மாத்திரை மற்றொரு வலை. ஆய்வகக் கருவிகளுள் சிலவற்றை அது ஏமாற்றி, டி.எஸ்.எச். தாழ்ந்தும் டி.4 உயர்ந்தும் இருப்பதாகக் காட்டிவிடும். நலமானவரே சுரப்பு மிகுந்தவர்போல் தோன்றுவார். முடி கொட்டுகிறது என்று அதனை உட்கொள்வோரே தைராய்டு சோதனைக்கும் வருவதால், மருத்துவரிடம் அதனை மறவாது சொல்ல வேண்டும்.

கருவுற்ற தாய்மாருக்கு அளவுகோலே வேறு. முதல் மூன்று மாதங்களில் டி.எஸ்.எச். இயல்பாகவே தாழும், மொத்த டி.4 உயரும். கருவில் உள்ள குழந்தையின் சுரப்பி வேலையை முழுமையாக ஏற்க ஏறத்தாழ ஐந்தாம் மாதம் ஆகிறது. அதுவரை குழந்தையின் மூளை தாயின் தைராக்சினையே நம்பியிருக்கிறது. முன்பே மாத்திரை உட்கொள்ளும் பெண், கருவுற்றது தெரிந்தவுடன் மருத்துவரைக் காண வேண்டும். பெரும்பாலும் அளவை உயர்த்த நேரிடும். “பிள்ளைக்கு ஆகாது” என்று எவரோ சொன்னதைக் கேட்டு மாத்திரையை நிறுத்துவதே பிள்ளைக்கு ஆகாதது.

குதிகாலில் ஒரு துளி

காத்திருக்கவே கூடாத இடம் ஒன்று உண்டு. சில குழந்தைகள் சுரப்பியே இன்றியோ, வேலை செய்யாத சுரப்பியோடோ பிறக்கின்றன. சென்னை உள்ளிட்ட ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வு, ஏறத்தாழ 1,130 பேருக்கு ஒரு குழந்தைக்கு இக்குறை இருப்பதைக் காட்டியது. பிறந்த அன்று இக்குழந்தைகள் ஏறக்குறைய எல்லாரும் மற்றக் குழந்தைகளைப் போலவே தோன்றுவர். தாயின் தைராக்சின் சிறிது அவர்களைத் தாங்கி நிற்பதே காரணம். நீடித்த மஞ்சள் காமாலை, கரகரத்த அழுகை, துருத்திய நாக்கு, மலச்சிக்கல் என்று அறிகுறிகள் வெளிப்படும்போது மூளை இழந்தது இழந்ததாகிவிடும். “அழாத குழந்தை, தங்கமான குழந்தை” என்று பாட்டி மகிழ்ந்திருக்கும் வாரங்களே அதன் அறிவு கரையும் வாரங்கள்.

1970-களின் தொடக்கத்தில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஜான் துசோ என்ற மருத்துவர், குதிகாலில் எடுத்த குருதித் துளியை வடிதாளில் உலர்த்தி அதில் டி.4-ஐ அளக்க முடியும் என்று காட்டினார். இன்று பல நாடுகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் இச்சோதனை நடக்கிறது. பிறந்து இரண்டு மூன்று நாளில் ஒரு துளி எடுத்து, குறை உறுதியானால் இரண்டு வாரத்துக்குள் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து தரத் தொடங்கினால், அக்குழந்தை மற்றவரைப் போலவே வளர்ந்து படிக்கும். நம் நாட்டில் இது எல்லா மருத்துவமனைகளிலும் தானாக நடப்பதில்லை. ஆகவே பெற்றோர் வாய் திறந்து கேட்க வேண்டும்.

உப்புப் பானையும் மரவள்ளியும்

குருதி அளவை ஒரு நாட்டின் கொள்கைக்கும் துணை நின்றது. 1956-இல் மருத்துவர் ராமலிங்கசுவாமி குழுவினர் இமயச் சாரலின் காங்ரா பள்ளத்தாக்கை மூன்றாகப் பிரித்து, இரு பகுதிகளுக்கு அயோடின் சேர்ந்த உப்பும், ஒரு பகுதிக்கு வெறும் உப்பும் வழங்கினர். அயோடின் பெற்ற பகுதிகளில் கழலை கண்கூடாகக் குறைந்தது. அதன் விளைவாக 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. 1980-களில் மருத்துவர் கொச்சுபிள்ளை குழுவினர் உத்தரப் பிரதேசத்தின் இமய அடிவார மாவட்டங்களில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடிக் குருதியில் டி.4, டி.எஸ்.எச். அளந்தபோது, நூற்றுக்குப் பல குழந்தைகளுக்குக் குறைவு இருந்தது. கழலை என்பது கழுத்தின் அழகு பற்றிய செய்தியன்று, பிள்ளைகளின் அறிவு பற்றிய செய்தி என்பதை அவ்வெண்கள் நாட்டுக்கு உணர்த்தின. 2006 மே 17 முதல், உணவுக்கென அயோடின் சேராத உப்பை விற்பதற்கு நாடு முழுவதும் தடை வந்தது.

ஆயினும் 2018-19-இல் நடந்த இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பை உண்ணும் குடும்பங்கள் நாடளவில் நூற்றுக்கு 76.3. தமிழ்நாட்டிலோ 61.9 மட்டுமே, மாநிலங்களுள் இதுவே மிகத் தாழ்ந்தது. தூத்துக்குடியின் உப்பளங்களால் நாட்டுக்கே உப்பளிக்கும் மாநிலத்தின் நிலை இது! கல்லுப்புப் பானையை மதிக்கும் நம் வீடுகளில் இதற்கு விடை தேட வேண்டும். கல்லுப்பே வேண்டுமெனினும் அயோடின் சேர்ந்தது கிடைக்கிறது. பொட்டலத்தில் சிரிக்கும் சூரியன் முத்திரையைப் பார்த்து வாங்கி, மூடிய பாத்திரத்தில், அடுப்பின் அனலுக்கு எட்டாமல் வைத்தல் போதும்.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் வாழ்வோர்க்கு இது இன்னும் நெருங்கிய செய்தி. நம் வயல்களில் விளையும் மரவள்ளிக் கிழங்கில் சயனைடை வெளியிடும் பொருள் ஒன்று உண்டு. உடல் அதனைத் தயோசயனேட்டாக மாற்றும். அது தைராய்டுக்குள் அயோடின் புகுவதைத் தடுக்கும். காங்கோ நாட்டில் மரவள்ளியே முதன்மை உணவாகவும் அயோடின் மிகக் குறைவாகவும் இருந்த பகுதிகளில் கழலை பரவியிருந்ததை ஆய்வாளர் கண்டனர். இதனால் கிழங்கை அஞ்சி ஒதுக்க வேண்டியதில்லை. தோல் நீக்கி, நன்கு வேகவைத்து, வெந்த நீரைக் கொட்டிவிட்டால் நஞ்சு பெரும்பாலும் நீங்கும். ஜவ்வரிசிக்கு மாவைப் பலமுறை நீரில் அலசுவதால் அதிலும் அச்சமில்லை. கிழங்கு உண்ணும் வீட்டில் உப்பு அயோடின் உள்ளதாக இருத்தல் வேண்டும், அவ்வளவே.

குடும்பத் தலைவர்களுக்கும் தலைவிகளுக்கும் நாம் வேண்டுவது இது. சுறுசுறுப்பாக இருந்தவர் காரணமின்றித் தளர்ந்தால், அமைதியானவர் திடீரெனக் கொதித்தால், நன்றாகப் படித்த பிள்ளை பின்வாங்கினால், பெயர் சூட்டுமுன் ஒருமுறை குருதி பார்க்கச் செய்யுங்கள். சோர்வு எல்லாம் தைராய்டு ஆகிவிடாது. இரத்தச் சோகை இருக்கலாம், மனத்துயர் இருக்கலாம், வேலைப்பளுவே காரணமாகவும் இருக்கலாம். சோதனை ஒழுங்காக வந்துவிட்டால், அதனாலேயே “பார்த்தாயா, சோம்பல்தான்” என்று முடிவு கட்டுவதும் அநீதியே. அப்போது வேறு காரணத்தைத் தேடும் கடமை தொடர்கிறது. தளர்ந்தவரின் அருகில் அமர்ந்து, “உனக்கு என்ன செய்கிறது?” என்று கேட்க எந்த ஆய்வகமும் வேண்டியதில்லை. அந்தக் கேள்வியே முதற் சோதனை. அதை ஒவ்வொரு வீட்டிலும் இன்றே தொடங்கலாம்.